அமாவாசை டீம் மெல்போர்ன் போனது

ஆரணியில் அமாவாசையன்று தறி ஓடாது. மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, எங்கள் ஊர் நெசவுக்காரர்களுக்கு அமாவாசை அப்படி. அதனால் எங்கள் கிரிக்கெட்டும் மாதத்துக்கு ஒருமுறைதான். காலையில் வீட்டில் படையல் முடிந்து, சாப்பிட்ட கையோடு, ஏரிக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கூடுவோம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களை அமாவாசை டீம் என்றார்கள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. கலசப்பாக்கத்துக்காரர்களை அவர்கள் ஊரிலேயே வைத்துத் தோற்கடித்த பிறகு, அந்தப் பெயரை நாங்களே சட்டை முதுகில் எழுதிக்கொண்டோம்.

அந்தப் பதினோரு பேரில் இன்றைக்கும் அடிக்கடி சந்தித்துக்கொள்வது மூன்று பேர். எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன், அதனால் வாத்தி. ஒருவன் பஜாரில் பட்டுக்கடை வைத்திருக்கிறான், அவன் கடை. இன்னொருவன் முள்ளிப்பட்டில் வீட்டிலேயே குழித்தறி போட்டு நெய்கிறான், அவன் தறி. கடை கொடுக்கும் பட்டுநூல் பாவைத்தான் தறி நெய்கிறான். ஆனால் மைதானத்தில் கடை விக்கெட் கீப்பர், தறி இடதுகைச் சுழற்பந்து வீச்சாளன். அங்கே கடைதான் தறி சொன்ன இடத்தில் நிற்க வேண்டும்.

இதை எழுத உட்கார்ந்தது பெருமை பேசத்தான். நாங்கள் மூவரும் எழுபது வயதில் ஆஸ்திரேலியா போய் டெஸ்ட் மேட்ச் பார்த்தோம். அங்கே எங்கள் தறி செய்ததை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் அந்தக் கதையின் நடுவில் நான் செய்த ஓர் அற்பத்தனம் கிடக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துப் போக வழியில்லை. அதனால் அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். நம் அணி டிசம்பரில் அங்கே வருகிறது என்றும், நண்பர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு வரும்படியும் அவள் சொன்னாள். கடை உடனே சம்மதித்தான். தறிதான் இழுத்தான்.

"ஆஸ்திரேலியாவா? இன்னாத்துக்குடா? டிவியிலதான் பெருசு பெருசா காட்றானே."

"டிவியில அவன் காட்றதைத்தான் நீ பாக்கணும். அங்க போனா நீ பாக்க நினைக்கிறதைப் பாக்கலாம்," என்றேன்.

எந்த இடத்தில் தொட்டால் அவன் அசைவான் என்று எனக்குத் தெரியும். டிவியில் மேட்ச் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரே குறைதான். பந்து வீசுகிறவனின் கையையும் முகத்தையும் காட்டுகிறார்கள், காலைக் காட்டுவதில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குழித்தறியில் நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, கீழே குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிப்பார். கால் மிதித்த பிறகுதான் இழைகள் பிரிந்து வழிவிடும். அதற்குப் பிறகுதான் கை, ஊடை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே எறியும். கால் தப்பினால் புடவையில் தப்பு விழும். ஐம்பது வருஷமாக அப்படி உட்கார்ந்தவன் தறி. கை என்ன செய்யப் போகிறது என்பதைக் காலில் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. பொட்டலில் ஆடிய காலத்திலேயே, எதிரணிப் பந்துவீச்சாளர் ஓடிவரும்போது, "எகிறும்," "காலுக்கு வரும்" என்று எங்கள் பேட்ஸ்மேன்களுக்குக் கத்துவான். பாதி வெற்றி அதில் வந்ததுதான்.

"தறியில பாவு கீது," என்றான் கடைசியாக. "புடவையை அறுத்து எடுத்துட்டுத்தான் வருவேன்."

"பாவு குடுத்தவனே நான்தாண்டா," என்றான் கடை. "நானே சொல்றேன், வந்து நெய்யி."

"நீ சொல்லுவ. கட்டிக்கப்போற பொண்ணு சொல்லணுமே."

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தக் கல்யாணப் புடவையை முடித்துக் கொடுத்தான். விமானத்தில் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்தோம். மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். கீழே அவன் கால்கள் இரண்டும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. கடை எனக்குக் காட்டினான். "பைலட்டுக்கு வேலை மிச்சம்," என்றான்.

முதல் நாள் ஆட்டத்துக்கு நாங்கள் போன கோலத்தைச் சொல்ல வேண்டும். கடை எங்கள் மூவருக்கும் ஒரே மாதிரி பட்டு அங்கவஸ்திரம் கொண்டுவந்திருந்தான். வெள்ளை உடல், நீலக் கரை, கரையில் ஒரு இழை ஜரிகை. நெய்தவன் தறி. பேண்ட் சட்டைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு மூன்று கிழவர்கள் அந்தப் பெரிய மைதானத்துக்குள் நுழைந்தபோது, நம் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். ஆரணி என்று கடை சொன்ன சத்தம் பவுண்டரி வரை கேட்டிருக்கும்.

எங்கள் இடம் பந்து வீசுகிறவரின் முதுகுக்கு நேரே, கீழிருந்து எட்டாவது வரிசை. பக்கத்தில் ஓர் ஆஸ்திரேலிய முதியவரும் அவர் மனைவியும். அவர் எங்களைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். பெரிய தொப்பி, மடியில் ஒரு ஸ்கோர் நோட்டு. அந்த அம்மாள் அங்கவஸ்திரத்தின் நுனியைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டார். வாங்கியது இல்லை, இதோ இவர் நெய்தது என்று தறியைக் காட்டினேன். அவர் வியந்துபோய்த் தறியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தறி கூச்சத்தில் நெளிந்தான்.

துணிக்கு அவன் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. இதை வாசிப்பவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தறி என் மகளின் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்தார். பாதி தூரம்கூட வரவில்லை. தறி மெதுவாக, "தலைக்கு வரும் பாரு," என்றான். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில், "பவுன்சர் வரப்போகிறது," என்று சத்தமாகச் சொன்னேன். வந்தது. பேட்ஸ்மேன் குனிந்துகொண்டார்.

முதியவர் என் பக்கம் திரும்பினார். "எப்படித் தெரிந்தது?"

என் நண்பன் சொன்னான் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வார்த்தை. சொல்லவில்லை. "ஓட்டத்தில் தெரிகிறது. கிளம்பும்போது குதிகாலை அழுத்தி ஊன்றினால் பந்து எகிறும்," என்றேன். குதிகால் விஷயமும் தறி எனக்கு முந்தின நாள் சொன்னதுதான்.

அடுத்த ஓவரில் இரண்டாவது பந்துக்கு ஓடிவரும்போது தறி, "இது மெதுவா வரும்," என்றான். நான் சொன்னேன். வந்தது. முதியவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். நான் என்ன வேலை செய்தவன் என்று விசாரித்தார். இயற்பியல் பேராசிரியர் என்றேன். "ஓ, அப்படியென்றால் புரிகிறது," என்று தன் மனைவியிடம் சொன்னார். மதியத்துக்குள் நான் அந்த வரிசைக்கே புரொபசர் ஆகிவிட்டேன்.

முதல் நாள் நடந்ததை வாய் தவறியது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் நாள் காலையில் நான் செய்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. முதல் நாள் தறிதான் முதியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் நாள் நான் முன்னால் நடந்துபோய் அந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். அவன் எனக்கு இந்தப் பக்கம் வந்தான். அவன் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, நடுவில் அவன் பெயர் காணாமல் போனது. காற்றின் ஈரம், பந்தின் தையல், சுழற்சியின் அச்சு என்று என் பாடத்திலிருந்தும் சில சொற்களை எடுத்துத் தூவினேன். பின் வரிசையிலிருந்து இரண்டு பேர் குனிந்து கேட்டார்கள். நாற்பது வருஷம் வகுப்பறையில் கிடைக்காத கவனம் அது. அந்த ருசியை நான் மறைக்கவில்லை, நன்றாக இருந்தது.

தறி தேநீர் வாங்கப் போயிருந்த நேரத்தில் நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பவுன்சர் என்றேன். பந்து பேட்ஸ்மேனின் பாதத்தில் விழுந்தது. காற்று மாறிவிட்டது என்று முதியவரிடம் விளக்கம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

நான்காம் நாள் அந்த அம்மாள் வீட்டில் செய்த கேக் கொண்டுவந்தார். முதல் துண்டு புரொபசருக்கு. தறி அப்போது பைனாகுலரை மடியில் வைத்துவிட்டு, மகள் கொடுத்தனுப்பிய ஆரஞ்சைச் சுளை சுளையாக உரித்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். முதியவருக்கும் கொடுத்தான். அவர் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டு என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நாம் ஜெயித்தோம். கடை அங்கவஸ்திரத்தைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். தறி எழுந்து நின்று கைகூப்பினான், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் நம் நாட்டின்மேல் இருந்த பெருமை ஒருபுறம், ஏரிக்குப் பின்னால் கட்டை நட்டு ஆடிய மூன்று பேர் இங்கே நிற்கிறோம் என்பது ஒருபுறம். நானும் அங்கவஸ்திரத்தைக் கழற்றிச் சுழற்றினேன்.

கிளம்பும்போது முதியவர் என் தோளைத் தொட்டார். அவர் அறுபது வயதைத் தாண்டியவர்களின் அணி ஒன்றுக்குக் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை காலை வலைப்பயிற்சி. புரொபசர் வந்து எங்கள் பந்துவீச்சாளர்களைப் பார்க்க வேண்டும், நண்பர்களையும் அழைத்து வாருங்கள் என்றார். வருகிறேன் என்றேன். மறுத்திருக்கலாம். அந்தச் சமயத்தில் எனக்கு என்னைப் பற்றியே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. ஐந்து நாள் ஒரு பொய்யைச் சொன்னால் அப்படி ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் வெள்ளைத் தொப்பி. பாதிப் பேர் முழங்காலில் பட்டை கட்டியிருந்தார்கள். முதியவர் எங்களை அறிமுகப்படுத்தினார். முதலில் என்னை, நீளமாக. பிறகு, "இவர் பட்டு வியாபாரி, இவர் நெசவாளர்."

லெக் ஸ்பின் போடும் ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். நடுநடுவே அதே கைவீச்சில் எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளியும் போடுவார். "இவருடைய கூக்ளி எப்போது வருகிறது என்று எங்கள் ஆட்களுக்கே இன்னும் பிடிபடவில்லை," என்றார் முதியவர். "புரொபசர், இவர் போடும்போது நீங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்."

நான் வலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தறி எனக்கு இரண்டடி பின்னால் நின்றான். அவன் வழக்கம்போல முணுமுணுப்பான் என்று எதிர்பார்த்தேன். பல் வைத்தியர் ஓடிவந்தார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. "கூக்ளி," என்றேன். சாதாரண லெக் ஸ்பின்னாகப் போனது. அடுத்தது லெக் ஸ்பின் என்றேன். கூக்ளி. மூன்றாவதும் தப்பு. நான்காவது தப்பானபோது யாரோ ஒருவர் மரியாதையாக இருமினார்.

திரும்பிப் பார்த்தேன். தறி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா வாத்தி, பேஜாரா பூடுச்சி," என்றான் கடை. அவனுக்கு ஆங்கிலம் வியாபாரம் பண்ணும் அளவுக்கு வரும். ஐந்து நாளும் நான் பேசியதில் பாதி அவனுக்குப் புரிந்திருக்கும் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அஞ்சு நாளா யாரைக் கேட்டுச் சொன்னியோ அவனைக் கேளேன்."

ஐந்தாவது பந்துக்காகப் பல் வைத்தியர் காத்திருந்தார். நான் வலையை விட்டு விலகி வந்து முதியவருக்கு எதிரே நின்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன்: "மைதானத்தில் நான் உங்களுக்குச் சொன்னது எதுவும் என்னுடையது இல்லை. எல்லாம் இவர் சொன்னது. நான் மொழிபெயர்த்தேன். இவர் சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை."

முதியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, என்னைத் தாண்டி நடந்துபோய்த் தறியிடம் கை நீட்டினார்.

தறி கையைக் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "இன்னா சொன்ன அவங்க கிட்ட? எல்லாரும் என்னியே பாக்கறாங்க."

"நீ சொன்னாத்தான் சரியா இருக்கும்னு சொன்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அதுவும் பாதிதான். அந்நியர்களிடம் அந்நிய மொழியில் ஒப்புக்கொள்ள முடிந்தது, அவனிடம் தமிழில் முடியவில்லை.

தறி வலைக்குப் பக்கத்தில் போய், பல் வைத்தியரின் பாதம் தெரியும்படி குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கூக்ளி என்றால் இடதுகை விரலைத் தூக்குவது என்று சைகையில் ஏற்பாடு. பல் வைத்தியர் பன்னிரண்டு பந்து போட்டார். பந்து கையை விட்டுப் போகும் முன்பே தறியின் விரல் எழுந்தது அல்லது எழாமல் இருந்தது. பதினொன்று சரி. தப்பிய ஒன்று பல் வைத்தியரின் கையிலிருந்து வழுக்கிய பந்து. அது எப்படிப் போகும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஒவ்வொரு பந்துக்கும் அந்தக் கிழவர்கள் கைதட்டினார்கள். பிறகு சுற்றி உட்கார்ந்துகொண்டு எப்படி என்று கேட்டார்கள். தறி எழுந்து, பல் வைத்தியரைப் போலவே இரண்டு எட்டு வைத்துக் காட்டினான். கூக்ளி போடுவதற்கு முன் பாதத்தின் நுனி கொஞ்சம் வெளியே திரும்புகிறது. குழித்தறியில் எப்படி மிதிப்பது என்றும் புல்தரையில் உட்கார்ந்து காட்டினான். நான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் "இவர் சொல்கிறார்" என்று தொடங்கினேன்.

முதியவர் ஒரு பந்தை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இன்னிக்கு அமாவாசையாடா?" என்று தறி என்னைக் கேட்டான்.

"இல்ல."

"அப்போ நான் ஆடக் கூடாதே," என்றான். சொல்லும்போதே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தான்.

முதியவரே மட்டையை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றார். தறி அங்கவஸ்திரத்தைக் கடையிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நான்கு எட்டு வைத்தான். முதல் பந்து பக்கவாட்டு வலையில் போய் விழுந்தது. கடை சிரித்தான். இரண்டாவது குட்டையாக விழுந்து அடிவாங்கியது. மூன்றாவது பந்து மட்டையின் முன்னால் விழுந்து, கேப்டன் கிழவரின் மட்டையைத் தாண்டித் திரும்பி, பின்னாலிருந்த ஸ்டம்பில் தட்டியது. மெதுவாகத்தான் தட்டியது, பெயில்ஸ்கூட ஒன்றுதான் விழுந்தது. என் மகள் டாக்டர் பட்டம் வாங்கிய அன்று நான் அவ்வளவு பெருமைப்படவில்லை. இதை மகளிடம் சொன்னேன். சிரித்தாள்.

திரும்பும் வழியில் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தறி ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டு வந்தான். நான் சொன்னேன்.

"நான் அங்க நெஜமா சொன்னது வேற. அஞ்சு நாளும் நீ சொன்னதையெல்லாம் நான் கண்டுபுடிச்ச மாதிரி சொல்லிகினு இருந்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"மொத நாளே தெரியும். நான் சொல்றேன், நீ சொல்ற, பந்து வருது. அந்தாளு முட்டி என்னைத் தாண்டி உன் பக்கமே திரும்பிச்சி. அடுத்த பந்துக்கும் உன் பக்கம்தான். என்னைப் பத்தி நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு தடவையாச்சும் என் பக்கம் திரும்பியிருக்கும் இல்ல?"

அவன் காலைப் பார்த்துப் படிப்பவன் என்பதை அறிந்த நான், அவன் பந்துவீச்சாளரின் காலை மட்டுமே பார்ப்பான் என்று நினைத்திருக்கிறேன்.

"அப்புறம் ஏண்டா எனக்குச் சொல்லிகினே இருந்த?"

"சொல்லாம எப்படிடா ஆட்டம் பாக்கறது?"

"இன்னிக்கு ஏன் சொல்லல?"

"இன்னிக்கு ஆட்டம் இல்லியே. உன்னைக் கேட்டாங்க, நீ போய் நின்ன."

"கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சி."

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

"கேக்கு வேற உனக்குத்தான் மொத துண்டு," என்றான் கடை. "அதுக்கே உன்னை ரெண்டு அமாவாசைக்கு டீமை விட்டுத் தள்ளி வைக்கணும்."

தறி சிரித்தான். ஜன்னல் பக்கம் பார்த்துத்தான் சிரித்தான்.

ஊருக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. அந்த மெல்போர்ன் கிழவர்கள் எதிரணிப் பந்துவீச்சாளர்களை வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள், கால் தெரியும்படி எடுக்கிறார்கள். தறியின் போனுக்குத்தான் வருகிறது. அமாவாசையன்று மூவரும் கடையின் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவற்றைப் பார்ப்போம். தறி திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து, யார் எந்தப் பந்துக்கு எப்படிக் காலை ஊன்றுகிறார் என்று சொல்வான். நான் ஆங்கிலத்தில் தட்டுவேன். போன மாதம் ஒரு பதில் வந்தது: அவன் சொன்ன மாதிரியே நடந்தது, ஜெயித்துவிட்டோம் என்று. முள்ளிப்பட்டில் தறிக்குழியில் உட்காரும் ஒருவன் சொல்லி மெல்போர்னில் ஒரு டீம் ஜெயிக்கிறது. இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.

தறிக்கு இன்றும் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் நான் தட்டி முடித்ததும், அனுப்புவதற்கு முன்னால், போனை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வான். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு முதல் வரியில் விரலை வைத்துத் தேடுவான். தன் சொந்தப் பெயரின் ஆறு ஆங்கில எழுத்தும் எப்படி இருக்கும் என்று மட்டும் என் மகளிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவை அங்கே இருக்கின்றன என்று பார்த்த பிறகு போனைத் திருப்பித் தருவான்.

"போடு," என்பான். நான் அனுப்புவேன்.